முள்முடி மன்னர்

முடி என்பது ஆட்சியின் அடையாளம். பொன்னால் இழைத்து, மணிகள் பதித்து, அதனை மன்னர்க்குச் சூட்டுதல் உலக வழக்கு. ஆயின், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர், எருசலேம் மாநகரில் உரோமப் போர்வீரர் சிலர் முள்ளைக் கொண்டு ஒரு முடி பின்னினர். கட்டுண்டு நின்ற ஒருவர் தலைமீது அதனை வைத்து அழுத்தினர். அவருக்குச் செந்நிறப் போர்வை போர்த்தி, கையில் ஒரு கோலையும் கொடுத்து, அவர்முன் மண்டியிட்டு, மன்னர் என்று எள்ளி நகைத்தனர். அவர்கள் நகைப்புக்காகச் சொன்னதனை மெய்யென ஏற்று, அம்முள்முடி தாங்கியவரே தம் மன்னர் என்று கோடிக்கணக்கான மக்கள் இன்றளவும் வணங்கி வருகின்றனர். அவரே இயேசுநாதர். இகழ்ச்சிக்குச் சூட்டிய முடி எங்ஙனம் புகழ்ச்சிக்கு உரியதாயிற்று? இவ்வினாவுக்குரிய விடையே கிறித்தவ சமயத்தின் உயிர்நிலை ஆகும்.

கிறித்தவர் இயேசுநாதரை 'மெசியா' என்பர். இஃது எபிரேய மொழிச் சொல்; எண்ணெய் பூசப்பெற்றவர் என்பது இதன் பொருள். இதனையே கிரேக்க மொழியில் 'கிறிஸ்து' என்று பெயர்த்தனர். ஆகவே, இயேசு கிறிஸ்து என்னும் தொடரில் முன்னது இயற்பெயர், பின்னது சிறப்புப்பெயர். பண்டை இசுரவேல் மக்கள், ஒருவரை அரசராகவோ குருவாகவோ ஏற்படுத்துங்கால், அவர் தலையில் எண்ணெய் வார்த்துத் திருநிலைப்படுத்துவர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது என்னும் இளைஞனை அழைப்பித்து, சாமுவேல் என்னும் இறைவாக்கினர் அவன் தலையில் எண்ணெய் வார்த்த செய்தி விவிலியத்தில் உள்ளது. அவ்விளைஞனே பின்னர் எருசலேமைத் தலைநகராகக் கொண்டு, கி. மு. 1000-ஐ ஒட்டிய காலத்தில் அரசு செலுத்தினான். அவன் ஆட்சியே இசுரவேலரின் பொற்காலமாக அம்மக்கள் நினைவில் நின்றது.

பொற்காலம் நெடிது நிற்கவில்லை. கி. மு. 586-ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து, கோயிலையும் தீக்கிரையாக்கி, மக்களுள் பலரைச் சிறைப்படுத்திச் சென்றனர். அதன் பின்னர்ப் பாரசீகர் ஆண்டனர், கிரேக்கர் ஆண்டனர். இடையே சில காலம் யூதர் தம் அரசை மீட்டனராயினும், கி. மு. 63-ல் பாம்பே என்னும் உரோமப் படைத்தலைவன் எருசலேமைக் கைப்பற்றினான். அயலார் ஆட்சியின் சுமை மிக மிக, தாவீதின் மரபில் ஒரு மன்னர் தோன்றுவார். பகைவரை வென்று, நீதியை நிலைநிறுத்துவார் என்னும் நம்பிக்கையும் அம்மக்களிடையே வளர்ந்தது. அவரையே மெசியா என்று அவர்கள் எதிர்நோக்கினர்.

அவ்வெதிர்நோக்கு வெறுங்கனவு அன்று. குருதியில் நனைந்த ஏக்கம். கி. மு. 4-ல் ஏரோது மன்னன் இறந்ததும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். சிரியாவின் ஆளுநனாயிருந்த வாருஸ் என்பவன் படையுடன் வந்து அதனை அடக்கினான். அப்போது ஏறத்தாழ இரண்டாயிரவரை அவன் சிலுவையில் அறைந்தான் என்று யோசேபு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். இயேசுநாதர் பிறந்ததும் அக்காலத்தை ஒட்டியே என்பது அறிஞர் கருத்து. சிலுவை என்ற சொல்லைக் கேட்டாலே குலை நடுங்கும் நாட்டில் அவர் வளர்ந்தார்.

யூதரின் மறைநூல்களில் வேறொரு குரலும் ஒலித்தது. ஏசாயா என்னும் இறைவாக்கினரின் நூல், துன்புறும் தொண்டர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அவர் குற்றமற்றவர், ஆயினும், பிறர் செய்த குற்றங்களின் சுமையைத் தாம் தாங்குகிறார், வாய் திறவாமல் கொலைக்களம் செல்கிறார். 1947-ல் சாக்கடலின் கரையை அடுத்த கும்ரான் குகையில் ஆட்டிடையர் கண்டெடுத்த தோற்சுருள்களுள் ஒன்று ஏசாயா நூல். இயேசுநாதர் காலத்திற்கும் முற்பட்டதாகிய அச்சுருளில் இப்பகுதியும் உள்ளது. துன்புறும் தொண்டர் என்பது இசுரவேல் மக்களையே குறிக்கும் என்பது யூத அறிஞர் பலர் கொள்ளும் பொருள். மெசியாவையே குறிக்கும் என்பது கிறித்தவர் கொள்ளும் பொருள். வெற்றி வேந்தர் ஒருபுறம். துன்புறும் தொண்டர் மறுபுறம். இவ்விருவரும் ஒருவரே என்று கண்டதில்தான் கிறித்தவ சமயம் தோன்றிற்று.

இயேசுநாதர் பெத்லகேமில் பிறந்தார். கலிலேயா நாட்டில் நாசரேத்து என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தச்சுத் தொழில் செய்தார். ஏறத்தாழ முப்பது வயதில், யோர்தான் ஆற்றில் யோவான் என்னும் அருளாளரிடம் திருமுழுக்குப் பெற்றார். பின்னர்ப் பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தபோது, அலகை அவர்முன் தோன்றி, தன்னைப் பணிந்தால் உலகின் அரசுகளையெல்லாம் தருவதாகக் கூறிற்று என்றும், அவர் அதனை மறுத்தார் என்றும் நற்செய்தி நூல்கள் நவில்கின்றன. பிறிதொருகால், பசித்த பெருங்கூட்டத்திற்கு அவர் உணவளித்தபோது, மக்கள் அவரைப் பற்றிச் சென்று அரசராக்க முனைந்தனர். அவரோ தனியே மலைக்கு விலகிச் சென்றார். அரியணை அவரைத் தேடி வந்தது; அவர் அதனை நாடவில்லை.

அங்ஙனமாயின், அவர் நாடியது யாது? தொழுநோயாளர் ஊரின் புறத்தே ஒதுங்கி வாழ்ந்தனர். எவரும் அவர்களைத் தீண்டார். இயேசுநாதர் தம் கையை நீட்டித் தொழுநோயாளன் ஒருவனைத் தொட்டார். உரோமர்க்காக வரி தண்டியவரை மக்கள் வெறுத்தனர். அவர் அவர்களோடு அமர்ந்து உணவுண்டார். தந்தையின் செல்வத்தைப் பெற்று, அயல்நாட்டில் அழித்து, பன்றி மேய்த்து, பசியால் வாடித் திரும்பிய மைந்தன் கதையை அவர் மக்களுக்குச் சொன்னார். அக்கதையில் தந்தை வாயிலில் நின்று வசை கூறவில்லை. மகன் நெடுந்தொலைவில் வரும்போதே ஓடிச்சென்று தழுவிக்கொண்டார். இறைவன் அத்தகைய தந்தை என்பதே இயேசுநாதர் போதனையின் சாரம்.

ஆயினும், அவருடைய சீடருக்கே அவர் உள்ளம் எளிதில் புலப்படவில்லை. ஒருநாள், தம்மை யார் என்று கருதுகின்றனர் என அவர் சீடரை வினவினார். பேதுரு என்பவர் அவரே மெசியா என விடையிறுத்தார். உடனே இயேசுநாதர், தாம் எருசலேமில் துன்புற்றுக் கொலையுண்பது உறுதி என உரைத்தார். பேதுரு திடுக்கிட்டு அவரைத் தடுக்க முற்பட்டார். கடுமையான கண்டனத்தையே பெற்றார். மெசியா என்ற பெயரைப் பேதுரு அறிந்திருந்தார். அதன் பொருளை அறிந்திலர்.

பின்னர், எருசலேமை நோக்கிச் செல்லும் வழியில், யாக்கோபு, யோவான் என்னும் உடன்பிறந்தார் இருவர் இயேசுநாதரை அணுகினர். அவர் அரியணையில் அமருங்கால், தங்களுள் ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் வீற்றிருக்க அருளவேண்டும் என இரந்தனர். அவர்கள் கேட்பது இன்னதென்று அவர்களே அறியவில்லை என்றார் இயேசுநாதர்; தாம் பருகவிருக்கும் கிண்ணத்திலிருந்து அவர்களாற் பருக இயலுமோ என்றும் வினவினார். துன்பத்தையே அவர் கிண்ணம் என்று உருவகித்தார். மற்றப் பதின்மரும் இதனைக் கேட்டுச் சினந்தனர். அவர்கள் உள்ளத்திலும் அதே ஆசை இருந்தது போலும்! அப்போது அவர், உலகில் ஆள்வோர் பிறரை அடக்கியாள்வர் என்றும், தம்மைச் சார்ந்தோருள் பெரியவராக விரும்புவோர் பிறர்க்குத் தொண்டராதல் வேண்டும் என்றும், தாமும் தொண்டு பெற வாராமல், தொண்டு செய்யவும் பலருடைய மீட்புக்காக உயிர் கொடுக்கவுமே வந்ததாகவும் தெளிவுறுத்தினார்.

சொன்னதனை அவர் செய்தும் காட்டினார். எருசலேமுக்குள் போர்க்குதிரை மேல் ஏறி வாராமல், கழுதை மேல் அமர்ந்து வந்தார். தாம் சிறைப்பட்ட இரவில், உணவின்போது எழுந்து, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்து, சீடருடைய கால்களைக் கழுவினார். புழுதி படிந்த கால்களைக் கழுவுதல் அக்காலத்தில் அடிமைகள் செய்யும் பணி. தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அங்கு இருந்தான் என்று யோவானின் நற்செய்தி நூல் உணர்த்துகிறது. அவன் கால்களை மட்டும் அவர் விலக்கினார் என்று அந்நூலில் யாண்டும் இல்லை.

அன்றிரவு கெத்சமனே என்னும் ஒலிவத் தோட்டத்தில் அவர் தனித்து வேண்டுதல் செய்தார். உள்ளம் மிகக் கலங்கினார். கூடுமாயின் அக்கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என இறைவனை இறைஞ்சினார். எனினும், தம் விருப்பத்தின்படி அன்று, இறைவன் விருப்பத்தின்படியே ஆகுக என முடித்தார். அவர் துன்பத்தை விரும்பித் தேடியவர் அல்லர். அஞ்சத் தக்கதை அஞ்சியும், அன்பின்பொருட்டு அதனை ஏற்றவர். அவரைப் பிடிக்க வந்தோர்மேல் சீடர் ஒருவர் வாள் வீசினார். வாளை உறையில் இடுமாறு அவர் பணித்தார். சீடர் யாவரும் சிதறி ஓடினர்.

மறுநாள் உரோம ஆளுநன் பொந்தியு பிலாத்து முன் அவரை நிறுத்தினர். பிலாத்து கி. பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். அவன் பெயரும் பதவியும் பொறித்த கல் ஒன்று 1961-ல் செசரியா என்னும் கடற்கரை நகரில் கிடைத்தது. பிலாத்து காலத்தில் கிறிஸ்து கொலைத்தண்டனை பெற்றமையை, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தாசித்து என்னும் உரோம வரலாற்றாசிரியரும் குறித்துள்ளார். யூதரின் மன்னர் எனத் தம்மை உயர்த்திக்கொண்டார் என்பதே அவர்மீது சாட்டிய குற்றம். கி. பி. 30-லோ 33-லோ, பாஸ்கா என்னும் விடுதலைத் திருவிழாவை ஒட்டி, எருசலேமின் புறத்தே கொல்கொதா என்னும் இடத்தில் அவரைச் சிலுவையில் அறைந்தனர். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்னும் மும்மொழியிலும் அவர் குற்றத்தை எழுதி, தலைக்கு மேலே பொருத்தினர்.

அவருடன் குற்றவாளிகள் இருவரையும் சிலுவையில் அறைந்தனர். ஒருவனை அவர் வலப்பக்கத்தில், மற்றவனை இடப்பக்கத்தில். யாக்கோபும் யோவானும் கேட்ட இடங்கள் அவையே அல்லவா? மெசியாவின் அரியணை சிலுவை. அவர் முடி முள். அவருக்கு இருபுறமும் இருந்தோர் அமைச்சர் அல்லர், உலகம் ஒதுக்கிய குற்றவாளிகள். அவ்விடத்தும் அவர் தம்மைக் கொல்வோரை மன்னிக்குமாறு இறைவனை வேண்டினார். மனம் வருந்தி அடைக்கலம் புகுந்த குற்றவாளி ஒருவனுக்கு, அன்றே தம்முடன் பேரின்ப வீட்டில் இருப்பான் என வாக்களித்தார். அம்மன்னர் அரியணையிலிருந்து வழங்கிய தீர்ப்பு மன்னிப்பே ஆகும்.

அத்துடன் வரலாறு முடிந்திருக்குமாயின், உரோமர் கொன்ற பல்லாயிரவருள் ஒருவராக அவரும் மறைந்திருப்பார். மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை பெற்றபின், அஞ்சி ஓடிய சீடர் அஞ்சா நெஞ்சினராய்த் திரும்பினர். அவ்வெளிச்சத்தில் சிலுவையை மீண்டும் நோக்கியபோதே, அதன் பொருள் அவர்களுக்கு விளங்கலாயிற்று.

அப்பொருளைக் கிறித்தவர் பலவாறு விளக்குவர். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இசுரவேலர் விடுதலை பெற்ற இரவில் ஆட்டுக்குட்டியின் குருதி அவர்களுக்குக் காவலாயிற்று. அதுபோல இயேசுநாதர் சிந்திய குருதி மக்களைப் பாவத்தினின்று காக்கும் பலி என்பர் சிலர். அடிமையைப் பணம் கொடுத்து மீட்பது போல, தம் உயிரையே விலையாகக் கொடுத்து மாந்தரை மீட்டார் என்பர் சிலர். 'மீட்பர்' என்னும் பெயர் இவ்வாறு எழுந்ததே. மாந்தர் இறைவனுக்குப் பட்ட கடனைத் தீர்க்க மாந்தரால் இயலாது; தீர்க்க வேண்டியவரும் மாந்தரே; ஆதலின் இறைவனே மாந்தராய் வந்து தீர்த்தார் என்று, 1098-ல் முடித்த தம் நூலில் அன்செல்ம் என்னும் பேராயர் விளக்கினார். அவருக்குப் பிற்பட்ட அபெலார்து என்பவர், அளவிறந்த அன்பை அச்சாவு வெளிப்படுத்தி, காண்போர் நெஞ்சிலும் அன்பை மூட்டுகிறது என்றார். இவற்றுள் ஒன்றே சரியான விளக்கம் என்று பண்டைத் திருச்சபைப் பொதுச்சங்கம் எதுவும் வரையறுக்கவில்லை. எல்லா விளக்கங்கட்கும் அடிப்படை ஒன்றே: இறைவன் மாந்தரின் துயரைத் தொலைவிலிருந்து நோக்குபவர் அல்லர், தம் மைந்தர் வாயிலாக அதனுள் புகுந்து, அதனைத் தாமே தாங்குபவர்.

அவர் சாவுக்கு யார் பொறுப்பு என்னும் வினா வரலாற்றில் பெருந்தீங்கு விளைத்தது. இயேசுநாதர் யூதர், அவர் அன்னையும் முதற்சீடரும் யூதரே. இதனை மறந்து, யூத இனம் முழுவதன்மேலும் பழி சுமத்தி, பல நூற்றாண்டுகள் கிறித்தவருள் பலர் அம்மக்களைக் கொடுமைப்படுத்தினர். மன்னித்து இறந்தவர் பெயரால் மன்னியாமை வளர்ந்தது எத்துணை முரண்! அப்பழியை அன்றிருந்த யூதர் அனைவர்மீதோ இன்றுள்ள யூதர்மீதோ சுமத்தலாகாது என 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. மாந்தர் அனைவருடைய பாவமே சிலுவைக்குக் காரணம் என்பது கிறித்தவப் போதனை. ஆகவே, சிலுவைமுன் நிற்பவர் பிறரைச் சுட்டிக் காட்டுவதற்கு இடமில்லை. தம்மையே ஆராய்தல் வேண்டும்.

சிலுவை உடனே போற்றுதலுக்குரிய சின்னம் ஆகிவிடவில்லை. அடிமைகளையும் கலகக்காரரையும் கொல்லும் கருவியாகவே உரோம உலகம் அதனை அறிந்திருந்தது. உரோம் நகரின் நிலவறைக் கல்லறைகளில் தொடக்கக் காலக் கிறித்தவர் மீனையும், நங்கூரத்தையும், ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயரையும் மிகுதியாக வரைந்தனர். சிலுவையில் அறையுண்ட காட்சியைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களுள் ஒன்று, உரோமில் புனித சபினா கோயிலின் மரக்கதவில் உள்ளது. அது ஐந்தாம் நூற்றாண்டில் செதுக்கியது. அச்சிற்பத்தில் இயேசுநாதர் நடுவில் நிற்கிறார்; இருபுறமும் சிற்றுருவாக அவ்விரு குற்றவாளிகளும் நிற்கின்றனர். வெட்கத்திற்குரிய மரம் வழிபாட்டிற்குரிய சின்னமாவதற்கு நானூறு ஆண்டுகள் சென்றன.

பின்னர் அவ்வரலாறு நாடு பல கடந்தது. மொழி பல கடந்தது. தமிழிலும் அது காப்பிய வடிவம் பெற்றது. நெல்லை நாட்டில் பிறந்த எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை, 1894-ல் வெளிவந்த தம் இரட்சணிய யாத்திரிகத்தில் இயேசுநாதர் பட்ட பாடுகளை நெஞ்சுருகப் பாடியுள்ளார். தமிழகத்துத் திருச்சபைகள் பலவற்றில் பெரிய வியாழனன்று குருமார் பிறருடைய கால்களைக் கழுவும் சடங்கு இன்றும் நிகழ்கிறது.

மெசியா இனிமேல்தான் வருவார் என்பது யூத சமயத்தின் மரபான நம்பிக்கை. இசுலாமியர் இயேசுநாதரை மசீகு என்றும் இறைத்தூதர் என்றும் மதிப்பர். அவர் சிலுவையில் இறந்ததாகக் கொள்ளார். சமயந்தோறும் கொள்கை வேறுபடினும், பெருமை என்பது யாது என்று அவர் வாழ்க்கை எழுப்பும் வினா அனைவர்க்கும் பொதுவானது.

அவ்வினாவுக்கு விடையை வாழ்ந்து காட்டியவருள் யாக்கோபும் ஒருவர். வலப்பக்கமோ இடப்பக்கமோ அமர விரும்பிய அவர், கி. பி. 44-ஐ ஒட்டி, ஏரோது அகிரிப்பா மன்னன் ஆணையால் வாளுக்கு இரையானார். ஒருகால் அரியணையின் அருகே இடம் கேட்டவர், இறுதியில் கிண்ணத்தைப் பருகினார். தாம் கேட்டது இன்னதென்று அன்று அவர் அறிந்திலர். அறிந்தபின்னும் அவர் பின்வாங்கவில்லை. பொன்முடி புனைந்த வேந்தர் பலருடைய பெயரும் மண்ணோடு மறைந்தது. முள்முடி புனைந்தவர் பின்னே, அவர் கிண்ணத்தைப் பருகவும் மனங்கொண்டு, மக்கள் இன்றும் செல்கின்றனர். ஆள்பவர்க்கு முடி அழகு தரும். பிறர்க்காகத் தம்மை அளிப்பவரோ முள்ளுக்கும் அழகு தருவர்.